வருஷம் திரும்பாத வீட்டு அதிரசம்

“மாங்கா வத்தல எப்பப் போடுவாங்களாம்?”

“கடல வெந்ததுக்கப்புறம் டீச்சர்.”

“ஊற வெச்சா, அப்டியேவா?”

“அது... கேட்டுச் சொல்றேன்.”

“கேளு, மறந்துடாத. நானுந்தான் மாங்கா வத்தல் போட்டு வேர்க்கடலைக் குழம்பு வைக்கிறேன். எங்க வூட்டுக்காரு ஒரு வாய் வெச்சிட்டு, ‘ஜெயக்கொடி, இது குழம்பா, பாத்திரம் கழுவுன தண்ணியா’ன்னு கேக்குறாரு. உங்க மாமியாரு கையில இன்னா இருக்குதோ தெரியல.”

ஆசிரியைகள் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கலைச்செல்வியும் சிரித்தாள். சிரித்தபடியே டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை.

மாமியார் கையில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் அந்தக் கை போய்விட்டது. போன மாசியில் அத்தை இறந்துபோனாள், இப்போது ஐப்பசி. ஜெயக்கொடி டீச்சர் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட குழம்பை வைத்தவன் கலைச்செல்வியின் கணவன் பீமாராவ்.

இந்தப் பொய் ஒரே நாளில் பிறந்தது. ஜூன் மாதம் அவள் செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். மதியம் டீச்சர்கள் எல்லோரும் டப்பாக்களை மேசை நடுவில் திறந்து வைத்து ஒருவருடையதை ஒருவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். கலைச்செல்வியும் தன் டப்பாவை நடுவில்தான் வைத்தாள். யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை, அதிலிருந்து எடுக்கவும் இல்லை. கேட்டால், “வயிறு நெறஞ்சிருச்சிம்மா” என்பார்கள். அவள் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று முதல் நாளே விசாரித்துத் தெரிந்துகொண்டவர்களின் வயிறு, அவள் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் மட்டும் எப்படியோ நிறைந்துவிடும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஜெயக்கொடி டீச்சர் மூக்கைத் தூக்கினாள். அனந்தபுரத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். பள்ளியில் எல்லோருக்கும் மூத்தவள். அவள் வாயைத் திறந்தால் தலைமை ஆசிரியையே சற்று நிதானிப்பார். “இன்னாது இது, இப்டி மணக்குது?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கரண்டியைக் கலைச்செல்வியின் டப்பாவுக்குள் விட்டாள். சோற்றில் பிசைந்தாள். ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: “யாரு வெச்சது?”

அறையில் எல்லாத் தலைகளும் திரும்பின. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் புருஷன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வைத்த குழம்பு என்று எப்படிச் சொல்வது? இப்போதுதான் ஒரு கரண்டி உள்ளே வந்திருக்கிறது. கலைச்செல்வியின் நாக்கு தானாகப் புரண்டது.

“எங்க அத்தை.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் டப்பா முதலில் காலியானது.

பீமாராவ் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலையில் இருந்தான். சித்திரையில் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் காலையில் நாலு இடத்துக்கு போன் போடுவான், மத்தியானம் சுவரைப் பார்ப்பான். சமையல் இருவருக்குமே வராது. அத்தை இருந்தவரை கலைச்செல்வியை அடுப்பண்டை விட்டதில்லை. “நீ போயி பி.எட். படிக்கிற வழியப் பாரு” என்று விரட்டுவாள். அத்தை போன பிறகு செஞ்சி பீரங்கிமேட்டில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் பாக்கெட் ரசப் பொடியும் கடைப் பரோட்டாவுமாகச் சில மாதம் ஓடியது. இருவரும் சாப்பிட்டார்கள், ஆனால் சாப்பிட்ட மாதிரி இல்லை.

அப்புறம் ஒரு மழை நாள். கடைக்குப் போக முடியவில்லை, கரண்ட்டும் இல்லை. சிங்கவரத்திலிருந்து அவன் அக்கா மாரியம்மாள் கொடுத்தனுப்பிய பச்சை வேர்க்கடலை ஒரு பையில் கிடந்தது. இரண்டு கத்தரிக்காய் இருந்தது. அலமாரியின் பின்பக்கம், அம்மா போட்டு வைத்த மாங்காய் வற்றல் ஒரு ஜாடியில் இருந்தது. பீமாராவ் எல்லாவற்றையும் புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டான். ஒரு வாய் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

“அம்மா கொழம்புக்குக் கிட்டத்துல வந்துட்டுது கலை. ஆனா வரல.”

மறுநாள் மறுபடி வைத்தான். மல்லித்தூள் கூடிப்போனது. அதற்கடுத்த முறை, வெந்த கடலையில் ஒரு கை எடுத்து ஒன்றிரண்டாக நசுக்கிக் குழம்பிலேயே கரைத்துவிட்டான். குழம்பு திரண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, வீடு முழுக்க ஒரு மணம் எழுந்தது. இருவரும் தட்டு எடுக்காமல் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, சோற்றை அதிலேயே போட்டுப் பிசைந்து தின்றார்கள். அன்று இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். அத்தை போன பிறகு வந்த முதல் நல்ல தூக்கம் அது.

அதிலிருந்து அவன் நிறுத்தவில்லை. நொய்க்கஞ்சிக்கு எள்ளுத் துவையல், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, பச்சைப்பயறு கடைசல் என்று ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தான். சொல்லித்தர ஆள் இல்லை. நாக்கில் இருந்த ஞாபகம் ஒன்றுதான் அளவு. ஒன்று சரியாக வந்துவிட்டால் கலைச்செல்விக்கு முதல் உருண்டையை ஊட்டிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பான். அவள் தலையசைத்தால் போதும், வேலை கிடைத்துவிட்டவன் மாதிரி நிமிர்வான்.

அந்த ஒவ்வொன்றையும் அவள் பள்ளிக்குக் கொண்டுபோய் அத்தையின் பெயரில் எழுதினாள். பொய் சும்மா நிற்காதே, அதற்கும் தீனி போட வேண்டும். மாமியாரை ஒருநாள் அழைத்து வா என்றார்கள். முழங்கால் வலி, வெளியே வரமாட்டாங்க என்றாள். வலிக்கு ஜெயக்கொடி டீச்சர் முடக்கத்தான் தைலம் வாங்கிக் கொடுத்தாள். தைலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டபோது கலைச்செல்விக்குக் காது மடல் சுட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பள்ளியிலேயே அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள்.

இப்போது ஜெயக்கொடி டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துண்டால் துடைத்தபடி கேட்டாள்:

“தீவாளிக்கு உங்க மாமியாரு அதிரசம் சுடுவாங்கல்ல?”

“சு... சுடுவாங்க டீச்சர்.”

“எங்களுக்கும் கொஞ்சம் கொண்டாம்மா. எனக்குப் பாகு பிடிபடவே மாட்டேங்குது. எண்ணெயில போட்டா அதிரசம் தனியா, மாவு தனியா பிரிஞ்சு நிக்கிது.”

“அவ்ளோதான கலை, திங்கக்கெழம கடைசி நாளு, கொண்டாந்துடு” என்றாள் பாரதி டீச்சர்.

கலைச்செல்வி தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. வருஷம் திரும்பாத வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தீபாவளிக்குத் துக்க வீடு பலகாரம் சுடாது. உறவுக்காரர்கள் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுதான் வழக்கம். அதைத் தெரியாதவர்கள் செஞ்சியில் யாரும் இல்லை.

சாயங்காலம் பள்ளி வாசலில் பீமாராவ் வண்டியோடு நின்றிருந்தான். கலைச்செல்வி வேகமாகப் போய் ஏறிக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள் ஜெயக்கொடி டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

“தம்பி, நல்லா இருக்கியாப்பா? அம்மாவுக்கு மொழங்கால் வலி எப்டி இருக்குது? தைலம் கேட்டுதா?”

பீமாராவ் டீச்சரைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இருக்காங்க டீச்சர்,” என்றான். “பரவால்ல.”

“அவங்க கை பொன்னுப்பா. அந்தக் கைக்கு நான் ஒரு நாளு வந்து கும்பிடு போடணும்.”

“சரிங்க டீச்சர்.”

வண்டி கிளம்பியது. கோட்டை மலைப் பாறைகள் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முதுகைப் பார்த்தபடி வந்தவளுக்கு அவன் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டிருந்தாலும் தேவலை.

வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தான். அப்புறம் கேட்டான்:

“எந்தக் கால்ல?”

“இன்னாது?”

“அம்மாவுக்கு வலி. எடது காலா, வலது காலா? இன்னா சொல்லி வெச்சிருக்கன்னு சொல்லிடு. நாளைக்கு யார்னா கேட்டா நான் மாத்திச் சொல்லிடக் கூடாதில்ல.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். “அன்னிக்கி எல்லாரும் பாத்தாங்க மாமா. நீங்க வூட்ல இருந்துகிட்டு, நீங்க...” என்று தொடங்கினாள்.

“நான்?”

அவள் சொல்லாததை அவன் கேட்டுக்கொண்டுவிட்டான். கேட்டுக்கொண்டான் என்பது அவன் வெங்காயத்தை உரித்த விதத்தில் தெரிந்தது. தோலோடு சேர்த்து ஒரு மடல் நல்ல வெங்காயமும் போய்விட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

இரவு படுக்கும்போது அவளே அதிரசத்தைப் பற்றிச் சொன்னாள். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பீமாராவ் கூரையைப் பார்த்தபடி சொன்னான்:

“சுடறேன்.”

“வருஷம் திரும்பல மாமா.”

“தெரியும். செத்தவங்கள உசுரோட வெச்சி சோறாக்க வுட்ருக்கோம். எண்ணெச்சட்டி வெக்கிறது அதவிடப் பெரிய தப்பா?”

அவன் ‘வுட்ருக்க’ என்று சொல்லவில்லை. ‘வுட்ருக்கோம்’ என்றுதான் சொன்னான். அவள் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் காயும் முன் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்தான். வெல்லத்தைக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தான். முதல் பாகு கல்லாக இறுகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு மறுபடி காய்ச்சினான். உருட்டினால் உருள வேண்டும், அழுத்தினால் அமுங்க வேண்டும்; அம்மா அப்படித்தான் பார்ப்பாள் என்று சொல்லிக்கொண்டே உருட்டினான். மாவைக் கொட்டிக் கிளறி, மதியம் வரை மூடி வைத்தான். பிறகு ஜன்னல் இரண்டையும் சாத்தி, கதவை ஒருக்களித்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினான்.

முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்து, ஒரு நொடி அமிழ்ந்து, முழுசாக உப்பி மேலே வந்தது. பிரியவில்லை. பீமாராவின் முகம் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

“பாத்தியா!”

கலைச்செல்வியும் மறந்துவிட்டாள். வாழை இலையில் அடுத்ததைத் தட்டினாள். வெல்லமும் ஏலக்காயும் எண்ணெயும் சேர்ந்து எழுப்பிய மணத்துக்கு ஜன்னல் சாத்தியிருப்பது ஒரு பொருட்டா என்ன? அது கதவிடுக்கு வழியாகத் தெருவில் இறங்கிப் போனது.

கதவு திறந்தது. வாசலில் மாரியம்மாள் நின்றிருந்தாள். சிங்கவரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் துணிப்பை, பைக்குள் எவர்சில்வர் தூக்கு. துக்க வீட்டுக்கு மகள் கொண்டுவரும் தீபாவளிப் பலகாரம்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். தம்பி கையில் இருந்த கண்கரண்டியைப் பார்த்தாள்.

“டேய் பீமா.”

“அக்கா, வாக்கா.”

“தெரு முனையிலயே வாசன அடிச்சிதுடா. பக்கத்து வூட்ல சுடறாங்கன்னு நெனச்சேன். அம்மாவத் தூக்கிட்டுப் போயி வருஷம் திரும்பல. எண்ணெச்சட்டி வெச்சிருக்க. உனக்கு நாக்கு அவ்ளோ கேக்குதா?”

கலைச்செல்வி எழுந்து நின்றாள். வாழை இலை கையிலேயே இருந்தது. ‘நான்தான் அண்ணி. என்னாலதான்’ என்று சொல்ல வேண்டும். அது மொத்தமே மூன்று வார்த்தை.

“ஆமாக்கா,” என்றான் பீமாராவ். “ஆசையா இருந்துச்சி.”

“ஆசையா?”

“அம்மா ஞாபகம் வந்துச்சி. சுட்டுப் பாத்தேன்.”

“அம்மா ஞாபகம் வந்தா படத்துக்கு முன்னால வெளக்கேத்து. சட்டி ஏத்துவாங்களா? நாலு மாசம் பொறுக்க முடியலையா உனக்கு? நான் ஒருத்தி இருக்கேனே, கொண்டாந்து குடுக்க மாட்டேனா?” மாரியம்மாளின் குரல் உடைந்தது. அவள் கலைச்செல்வியின் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, நீ படிச்ச புள்ள. நீயாவது சொல்லக் கூடாது?”

கலைச்செல்வி வாயைத் திறந்தாள். அண்ணியின் கண்களில் தண்ணீர் நின்றிருந்தது. பீமாராவ் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அதைப் பிடித்துக்கொண்டாள் அவள். வாயை மூடிக்கொண்டாள். ஒரு பெரிய பாரத்தை இன்னொருவன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் சொன்னதால்தான் ஏற்றினேன் என்று இருந்துவிட்டாள்.

மாரியம்மாள் பையை வாசற்படியில் வைத்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “வூட்ல பலகாரம் வழியுது. இதையும் வெச்சித் தின்னுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் போகும் வழியெல்லாம் மூக்கைச் சிந்துவது தெரிந்தது.

எண்ணெயில் கிடந்த அதிரசம் கருகிப்போயிருந்தது. பீமாராவ் அதை எடுத்து ஓரமாகப் போட்டான். அடுப்பைத் தணித்தான்.

“அடுத்தத தட்டு கலை. எண்ணெ காஞ்சிடும்.”

திங்கட்கிழமை அரைநாள் பள்ளி. பிள்ளைகள் போன பிறகு டீச்சர்கள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். கலைச்செல்வி டப்பாவைத் திறந்தாள். சிவந்து, ஓரம் மெல்லியதாய், நடு மெத்தென்று, அச்சில் வார்த்த மாதிரி அதிரசங்கள். பாரதி டீச்சர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “அய்யோ!” என்றாள். மற்றவர்களும் எடுத்தார்கள். ஜெயக்கொடி டீச்சர் மட்டும் சாப்பிடவில்லை. தன் கைப்பையிலிருந்து கழுவித் துடைத்த ஒரு சின்ன பித்தளைச் சம்புடத்தை எடுத்தாள். அதில் அதிரசங்களை ஒவ்வொன்றாக, உடையாமல், அடுக்கத் தொடங்கினாள்.

“நீங்க சாப்பிடலையா டீச்சர்?”

“இது திங்கறதுக்கு இல்லம்மா. தீவாளி நோம்புக்கு. ரெண்டு வருஷமா கடையில வாங்கித்தான் சாமி முன்னால வைக்கிறேன். மனசே ஒப்பல. வூட்ல சுட்டது மாதிரி வருமா? இந்த வருஷம் உங்க மாமியாரு கையால சுட்டத வெச்சிப் படைக்கப் போறேன். எங்க வூட்டுக்காருகிட்டயும் சொல்லிட்டேன்.”

மூன்று மாதம் முன்பு அவள் டப்பாவில் கரண்டி விடாத கூட்டம் இது. இன்று அவள் வீட்டுப் பலகாரம் அனந்தபுரத்துப் பெரிய வீட்டுச் சாமி முன்னால் போகிறது. இதைவிடப் பெரிதாக ஒன்றை அவள் கனவிலும் கேட்டிருக்க மாட்டாள். பேசாமல் இருந்தால் போதும். டீச்சருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? சம்புடத்தின் மூடி மூடப்போகிறது.

துக்க வீட்டு எண்ணெயில் வெந்தது. நோன்புக்கு.

“டீச்சர், அத நோம்புக்கு வைக்காதீங்க.”

“ஏம்மா? எண்ணெ பழசா?”

“இல்ல. எங்க வூட்ல வருஷம் திரும்பல.”

ஜெயக்கொடி டீச்சரின் கை மூடியோடு நின்றது. “யாருக்கு? உங்க வூட்ல யாரு...”

“எங்க அத்தைக்கு.”

“எந்த அத்தை?”

“மாமியாரு. மாசியில செத்துட்டாங்க. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே.”

பாரதி டீச்சர் பாதி கடித்த அதிரசத்தை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

“அப்போ மொழங்காலு?” என்றாள் ஜெயக்கொடி டீச்சர், புரியாமல். “நான் குடுத்த தைலம்?”

கலைச்செல்வி அலமாரியைத் திறந்து, புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தாள். சீல்கூட உடைக்காமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டீச்சரின் முகம் மாறியது.

“செத்தவங்களையா இத்தினி நாளு... அடிப் பாவி. அவங்களுக்கு நான் ஆயுசு வேண்டிக்கினேனேடி மேல்மலையனூர் கோயில்ல.” சம்புடத்தை மெல்லக் கவிழ்த்து, அதிரசங்களை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். “அப்போ யாரு சமைச்சது?”

“எங்க வூட்டுக்காரு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். அவருக்கு வேல இல்ல டீச்சர். வூட்லதான் இருக்காரு. அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சி.”

யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். கை கழுவப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. பாரதி டீச்சர் மிச்சத்தை ஒரு காகிதத்தில் வைத்து மடித்தாள், அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியேறினாள். ஜெயக்கொடி டீச்சர் மட்டும் காலி சம்புடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் வழியாகப் பள்ளி வாசல் தெரிந்தது. பீமாராவ் வண்டியைப் புங்கமர நிழலில் நிறுத்திவிட்டு, இருக்கையின் தூசியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தான்.

கலைச்செல்வி டப்பாவை மூடவில்லை. டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அவரு வெளியதான் நிக்கிறாரு டீச்சர். என்ன எப்டி வேணா திட்டுங்க, இனிமே எங்கிட்டப் பேசாட்டியும் பரவால்ல. போம்போது அவருகிட்ட மட்டும், கொழம்பு நல்லா இருந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறீங்களா?”